ரோமாபுரியிலிருந்து ஒரு மாமியார்

என் கணவர் வேலை பார்த்த கப்பல் ஆபீசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பினார். அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அந்தக் காலத்து ரங்கூனில் இது சாதாரணம். ஒரு துரையின் நாற்காலி அடுத்த வாரமே ஒரு குமாஸ்தா வீட்டில் இருக்கும். என் கணவர் ஒரு சின்னத் தேக்கு அலமாரியை ஏலத்தில் எடுத்தார். கியாக்டடாப் பேட்டையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கூலியாட்கள் இருவர் செங்குத்தான மரப்படிகளில் அதை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதும் கதவு தானாகத் திறந்துகொண்டு, உள்ளே இருந்த புத்தகங்கள் தரையில் சரிந்தன. துரை மறந்தாரோ, வேண்டாமென்று விட்டாரோ தெரியாது.

என் மாமியார் அவற்றைப் பார்த்துவிட்டு, "அலமாரி வாங்கப் போனவன் எலிக்கு மெத்தை வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார்.

குதிரை வளர்ப்பைப் பற்றி இரண்டு, மீன் பிடிப்பதைப் பற்றி ஒன்று, ஒரு பழைய மருத்துவப் புத்தகம். கடைசியில் சிவப்புத் துணி அட்டை போட்ட ஒன்று. பழைய ரோமாபுரியில் இருந்த ஒரு நாடகக்காரரின் நாடகங்கள், ஆறும் ஒரே புத்தகத்தில், இங்கிலீஷில். முன்னால் அவருடைய சரித்திரம் சில பக்கங்கள் இருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கையில் கிடைத்த முதல் இங்கிலீஷ் புத்தகம் அது. அடுப்பில் சோறு கொதிக்க, நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன். சோறு குழைந்துபோனது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னாடி தனியா சிரிக்கிறே?"

மாமியார் தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து, மாமனார் காலமான பிறகு, மகனோடு இருக்க வந்தவர். கடைத்தெருவில் பேரம் பேசுகிற அளவுக்கு மட்டும் பர்மிய பாஷை கற்றுக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க வீசும் ஙாப்பி வாசனையை, அதுதான் பர்மியர் சோற்றோடு சேர்த்துக்கொள்ளும் மீன் விழுது, அவரால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஒரு நாடகக்காரர் கதை அத்தை. ரோமாபுரியில இருந்தவர். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி."

"ராஜா வீட்டுப் பிள்ளையா?"

"அடிமை அத்தை. ஆப்பிரிக்கா தேசத்துலேருந்து சின்ன வயசுல கொண்டாந்துட்டாங்க. கடலைத் தாண்டி."

கல் பொறுக்கிய கை நின்றது. "நம்ம கூலியாளுங்க வர்றாங்களே, அது மாதிரியா?"

"இவங்க சம்பளம்னு பேர் சொல்லியாவது வர்றாங்க. அவர் ஒருத்தருக்குச் சொந்தமா இருந்தாரு. ஆனா எசமான் நல்லவர்போல. பையன் புத்திசாலின்னு படிக்க வச்சு, விடுதலையும் குடுத்துட்டார். அப்புறம் அந்த ஊர் பாஷையிலயே நாடகம் எழுதினாரு."

"பொறந்த பாஷையில எழுதலையா?"

"இல்லை அத்தை."

மாமியார் முறத்தை நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் மேலே சொன்னேன். முதல் நாடகத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனபோது, பேர்பெற்ற பெரிய நாடகாசிரியர் ஒருவரிடம் முதலில் வாசித்துக் காட்டும்படி சொல்லியிருக்கிறார்கள். இவர் போன நேரம் அந்தப் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் போட்டிருந்ததோ கந்தல். எதிரே ஒரு பலகையைக் காட்டி உட்காரச் சொன்னாராம். சில வரிகள் வாசித்ததும் பெரியவர் கையை நிறுத்தி, எழுந்து வா, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு என்றாராம். சாப்பிட்ட பிறகு மிச்சத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"என்னா சாப்பாடு?"

"அது போடலை அத்தை."

"அதைப் போடாம என்னத்தப் புஸ்தகம் எழுதுறாங்க" என்றார் மாமியார். ஆனால் அன்று மாலை காய் நறுக்கும்போது அவரே கேட்டார்: "அந்தப் பையன் அப்புறம் என்னா நாடகம் எழுதினான்?"

இப்படித்தான் ஆரம்பித்தது. என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பிப் படி இறங்கிய சத்தம் அடங்கியதும் நாங்கள் இருவரும் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவோம். நான் ஒரு பக்கம் படித்து அதைத் தமிழில் சொல்வேன். மாமியார் நடுநடுவே நிறுத்துவார். தகப்பனை ஏமாற்றும் பிள்ளைகள், அவர்களுக்குத் திட்டம் போட்டுக்கொடுக்கும் வேலைக்காரர்கள், வெற்றுப் பெருமை பேசும் சிப்பாய் ஒருத்தன். அந்தச் சிப்பாயை மாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எதிர்வீட்டுத் துபாஷி நடப்பதுபோல நடந்து காட்டி, அவன் பேச வேண்டியதை அவரே பேசினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதுவரை அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சுதான் குறைவு. நான் பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். என் தகப்பனார் அங்கே கப்பல் பட்டறையில் பிட்டர். சனிக்கிழமைதோறும் நான் சம்பான் படகில் ஏறி அக்கரைக்குப் போய்விடுவேன். அதை வைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தில் கதை கட்டிவிட்டார்கள். மாமியார் கொடுமை தாங்காமல் பெண் வாராவாரம் ஆற்றைத் தாண்டி ஓடுகிறாள் என்று குழாயடியில் பேச்சு. அது எனக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஆறு நாடகங்களில் ஒன்று மாமியாரைப் பற்றியது. கணவன் வெளியூர் போயிருக்கும்போது மருமகள் திடீரென்று தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். கூப்பிட்டால் வர மறுக்கிறாள். மாமியார் பார்க்கப் போனால் உடம்பு சரியில்லை என்று உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். எல்லோரும் மாமியாரைத்தான் பழிக்கிறார்கள். மாமியாரின் புருஷனே அவளைப் பார்த்து, நீ என்ன செய்தாய், உன்னால்தான் போனாள் என்று கத்துகிறான். அந்த அம்மாளுக்கோ தான் என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியவில்லை. உண்மையில் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நான் இதைச் சொல்லி முடித்தபோது மாமியார் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார். "குழாயடியில பேசுறது அந்த நாடகக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சரி, அந்த மாமியாக்காரி என்னா பண்ணா?"

"நான் கிராமத்துக்குப் போயிடறேன், என் மருமக வீட்டுக்குத் திரும்பி வரட்டும்னு மகன்கிட்ட சொல்றா."

கீழே தெருவில் மொஹிங்கா என்கிற மீன்சாறு ஊற்றிய சேவை விற்பவளின் குரல் கேட்டது. பிறகு மாமியார் மெதுவாகச் சொன்னார். "நானும் அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிடுன்னு உன் புருஷன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியலை."

"அத்தை, நான் டாலாவுக்குப் போறது உங்களால இல்லை."

"பின்னே?"

"அங்கே தம்பிங்களோட பர்மிய பாஷையில கத்திப் பேசணும். படித்துறையில காலைத் தண்ணியில விட்டுக்கிட்டு உக்காரணும். இங்கே மூணாம் மாடியில எனக்கு மூச்சு முட்டுது. அவ்வளவுதான்."

"இதை முன்னாடியே சொன்னா என்னாடி?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டா, மாமியா கேள்வி கேக்குறான்னு ஆகும்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை என்னோடு சம்பானில் அவரும் வந்தார். நடு ஆற்றில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் அந்த நாடகத்தைப் பற்றியே பேசினார். அந்தப் பெண் எதற்காகத் தாய்வீடு போனாள் என்பதற்கு மூலத்தில் ஒரு காரணம் இருந்தது. அது அத்தையிடம்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய சமாசாரம். "அது வேண்டாம். நம்ம ஊர்ல வேற காரணம் வச்சுக்கலாம்" என்றார். அவர் 'வச்சுக்கலாம்' என்றதைக் கேட்டதும்தான், இதை நாம் தமிழில் எழுதலாம் என்கிற எண்ணமே எனக்குத் தோன்றியது. சம்பான்காரர் திரும்பிப் பார்க்கும்படி துள்ளிவிட்டேன்.

என் கணவர் ஒரு நாடக சபையில் இருந்தார். எல்லோரும் குமாஸ்தாக்கள். வருஷா வருஷம் அதே புராண நாடகங்கள், அதே ஜிகினா உடை. கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஏதாவது புதிதாக வேண்டும் என்று சபையின் காரியதரிசி எல்லோரையும் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என் கணவர் சீக்கிரம் வீடு திரும்பினார். உள்ளே நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கூச்சல் போட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டு, சண்டை என்று பயந்து, கதவருகிலேயே நின்றுவிட்டார். பிறகுதான் அது நாடகம் என்று புரிந்ததாம்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

சொன்னோம். எங்கள் கதையில் மருமகள், மாமியார் ஆசையாகப் போட்டுவிட்ட மோதிரத்தைத் தொலைத்துவிடுகிறாள். சொல்லப் பயந்து தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். மோதிரம் சலவைக்குப் போன துணி முடிச்சில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வரும் டோபி, ஒவ்வொரு காட்சியிலும் மூட்டையோடு வந்து, "ஒரு சமாசாரம்" என்று ஆரம்பிப்பான். யாருமே அவனைப் பேச விடமாட்டார்கள். டோபி என் யோசனை. மாமியாரின் பேச்சு முழுவதும் என் மாமியாருடையது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் இலக்கணமாகத் திருத்தினால், "அதை அடிச்சுடு. எந்தப் பொம்பளை அப்படிப் பேசுறா?" என்பார்.

என் கணவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். டோபி மூன்றாவது முறை வந்தபோது அவருக்குப் புரையேறியது. "அந்த டோபி வேஷம் எனக்கு" என்றார்.

காரியதரிசிக்கு முதலில் பிடிக்கவில்லை. மாமியார் நல்லவள் என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டாராம். படித்துப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் அச்சடித்து வந்த விளம்பரத்தில், சபை அங்கத்தினர் இயற்றிய புதிய ஹாஸ்ய நாடகம் என்று இருந்தது. என் கணவர் அதை நீட்டிவிட்டு முகம் பார்க்காமல் நின்றார்.

"பொம்பளை எழுதினதுன்னு தெரிஞ்சா சிரிக்க யோசிப்பாங்களாம். காரியதரிசி அப்படிச் சொல்றார்."

எனக்கு வருத்தம்தான். ஆனால் விளம்பரத் தாளில் எங்கள் நாடகம் அச்சாகியிருக்கிறதே என்ற பரபரப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. மாமியாரிடம் சொன்னேன்: "அந்த ரோமாபுரிக்காரரையும் இப்படித்தான் பேசினாங்க அத்தை. இவனா எழுதினான், இவனோட சிநேகிதங்க பெரிய வீட்டுப் பிள்ளைங்க, அவங்க எழுதிக் குடுத்ததுன்னு புரளி."

"அவன் என்னா சொன்னான்?"

"ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ஊரே மெச்சுறவங்க என்னை மெச்சுறாங்கன்னா எனக்குப் பெருமைதானேன்னு மேடையிலயே சொல்ல வச்சுட்டார்."

"கெட்டிக்காரன்" என்றார் மாமியார். பிறகு மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அவன் அடிமையா இருந்தவன், வாயைத் திறக்க யோசிச்சிருப்பான். இவளுக்கு என்னா?"

மாமியார் வேஷம் போட்டவர் போட்டாதாங் பக்கத்து அரிசி ஆலையில் எடை குமாஸ்தா. ஆறடி உயரம். இந்த வேஷத்துக்காகத் தன் அருமை மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தார். நிஜ மாமியாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் அவரை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"உக்காரு பாக்கலாம்" என்றார் மாமியார்.

அவர் புராண நாடகத்து ராணி போல ஒயிலாகச் சாய்ந்து அமர்ந்தார்.

"எந்திரி. மாமியா உக்காந்தா முட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காருவா. பாதி உக்காரும்போதே அடுப்பு ஞாபகம் வந்து திரும்பிப் பாப்பா. இப்ப உக்காரு."

அவர் உட்கார்ந்தார். "இப்ப சரியா அம்மா?"

"இடுப்பு இன்னும் ராணியாத்தான் இருக்கு."

அந்த மனிதர் அன்றைக்கு எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தாரோ. போகும்போது நிஜமாகவே முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாடகம். ஸ்ட்ராண்ட் ரோட்டில், படகுத்துறைக்கு எதிரே காலியாக இருந்த ஒரு நெல் கிடங்கை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சாக்குகளை அடுக்கி மேடை. பெண்களுக்கு ஒரு பக்கம் மூங்கில் தட்டி மறைவு. நாங்கள் போனபோதே இடம் நிரம்பியிருந்தது. துறைமுகத் தொழிலாளிகள், ரயில்வேக்காரர்கள், நகரசபை ஆட்கள், குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். டாலாவிலிருந்து என் தகப்பனாரும் தம்பிகளும் வந்திருந்தார்கள். எனக்குக் கைகள் சில்லிட்டுப் போயிருந்தன. மாமியார் என் விரல்களைத் தன் முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

முதல் சிரிப்பு சீக்கிரமே வந்தது. எடை குமாஸ்தா முட்டியைப் பிடித்து உட்கார்ந்தார். பாதியில் அடுப்புப் பக்கம் திரும்பினார். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. டோபி இரண்டாவது முறை வந்து விரட்டப்பட்டபோது ஆண்கள் பக்கத்திலிருந்து, "அவனைப் பேச விடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

அப்போது ஆற்றிலிருந்து சங்கு ஊதியது.

மறுநாள் காலைதான் வரும் என்றிருந்த கப்பல், நம் ஊர்க் கரையிலிருந்து வரும் கப்பல், முன்கூட்டியே வந்துவிட்டது. இரண்டாவது சங்கு ஊதும்போது பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். யாருக்கு யார் வராமல் இருக்கிறார்கள்? மனைவி, அண்ணன், மச்சான், ஊர்க்காரன், ஒன்றுமில்லாவிட்டால் ஊர்ச் செய்தி. காரியதரிசியின் தாயாரும் அந்தக் கப்பலில் வருவதாக இருந்தது. அவர் மேடையோரத்திலிருந்து குதித்து எல்லோருக்கும் முன்னால் ஓடினார். கொஞ்ச நேரத்தில் கிடங்கில் செருப்புகளும் நாங்கள் சிலரும்தான். மேடையில் எடை குமாஸ்தா பாதி உட்கார்ந்தபடி நின்றார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அத்தை, இதேதான். இதே நாடகம்தான். அந்த ரோமாபுரிக்காரர் இந்த மாமியார் நாடகத்தை முதல்ல போட்டப்ப, பக்கத்துல கயித்து மேல நடக்கிறவன் வந்திருக்கான்னு கூட்டம் கலைஞ்சு போச்சு. ரெண்டாந்தரம் போட்டப்ப முதல் பாகம் நல்லா போச்சு. அப்புறம் கத்திச்சண்டை நடக்கப்போவுதுன்னு யாரோ கிளப்பிவிட்டு, ஒரே தள்ளுமுள்ளு. பாதியில நிறுத்திட்டாங்க."

"அப்புறம்?"

"மூணாந்தரம் போட்டாங்க. கடைசிவரை நடந்துது."

"அப்படின்னா ஏண்டி எல்லாரும் மூஞ்சிச் சாயத்தைக் கழுவுறாங்க? போய் நிறுத்து."

நான் தட்டியைத் தாண்டி மேடைக்கு ஓடினேன். ஆண்கள் நின்ற இடத்துக்கு அப்படி ஓடியது அதுதான் முதல் தடவை. அந்த ரோமாபுரிக் கதையை அவர்களிடமும் மூச்சு வாங்கச் சொன்னேன். எடை குமாஸ்தா, "அவங்களும் மீசையை எடுத்திருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். யாரும் வேஷத்தைக் கலைக்கவில்லை.

அதற்குள் வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. ரங்கூன் மழை தூறி எச்சரிக்காது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள், அழைக்கப் போனவர்கள், எல்லோரும் தலைக்குமேல் பெட்டியையும் பாயையும் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த ஒரே கிடங்குக்குள் ஓடி வந்தார்கள். எங்கள் கிடங்கு. முன்பு இருந்ததைப்போல ஒன்றரைப் பங்கு கூட்டம். தகரப் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நாலைந்து நாள் கடலில் கிடந்து வெளிறிய முகங்கள் மேடையில் நின்ற ஆறடி மாமியாரைப் பார்த்து விழித்தன.

"மொதல்லேருந்து ஆரம்பிங்க" என்றார் என் மாமியார், தட்டிக்குப் பின்னாலிருந்து. மழைச் சத்தத்தில் அது மேடைவரை கேட்டது.

புதிதாக வந்தவர்களுக்கு முன்னுரை சொல்ல வேண்டிய காரியதரிசி, நனைந்த தாயாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவரால் நகர முடியவில்லை. டோபி வேஷத்தில் இருந்த என் கணவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். அவர் கூட்டத்தில் பேசுகிறவர் அல்ல. தொண்டையைச் செருமினார்.

"கடல் தாண்டி வந்திருக்கீங்க. இந்தக் கதையும் கடல் தாண்டித்தான் வந்துச்சு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோமாபுரியில அடிமையா இருந்து விடுதலையான ஒருத்தர் எழுதினது. அவர் போட்டப்பவும் பாதியில ஜனங்க எழுந்து ஓடினாங்க. அதனால நீங்க ஓடினதுல எங்களுக்கு வருத்தம் இல்லை." கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அவர் நிறுத்தி, தட்டிப் பக்கம் பார்த்தார். "விளம்பரத்துல சபைக்காரங்க எழுதினதுன்னு போட்டிருக்கு. நாங்க யாரும் ஒரு வரி எழுதலை. இதைத் தமிழ்ல எழுதினது என் வீட்டுக்காரி. மாமியா பேசுற பேச்செல்லாம் எங்கம்மா பேச்சு. பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லுங்க. பிடிச்சா அவங்ககிட்ட சொல்லுங்க."

என் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கட்டடத்துக் குழாயடிப் பெண்களும் அதில் இருந்தார்கள். மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நாடகத்தைப் பாருங்க" என்றார் அதட்டலாக.

இரண்டாவது முறை நடந்த அந்த நாடகத்தைப்போல நான் வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை. தகரக் கூரையில் மழை இரைந்ததால் எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருந்தது. கத்திப் பேசியதால் சிரிப்பு இன்னும் அதிகமானது. நான் கிராமத்துக்குப் போய்விடுகிறேன் என்று எடை குமாஸ்தா சொன்ன இடத்தில் மட்டும் கூட்டம் அடங்கியது. தன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "போவாதே ஆத்தா, இப்பத்தானே வந்தோம்" என்றாள். அதற்குப் பிறகு டோபி மூட்டையோடு வந்தபோது ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து, அவனைப் பேச விடு, அவனைப் பேச விடு என்று கூவினார்கள். கடைசியில் அவனைப் பேச விட்டார்கள். அவன் முடிச்சை அவிழ்த்து மோதிரத்தைத் தூக்கிக் காட்டியபோது, முன் வரிசையில் இருந்த என் கடைசித் தம்பி பெட்டிமேல் ஏறி நின்று கை தட்டினான். நான் எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்கள் யார் காதிலும் விழவில்லை.

முடிந்ததும் காரியதரிசியின் தாயார், ஈரச் சேலையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். பின்னாலேயே காரியதரிசி.

"எழுதின பொண்ணு இதுவா?" என்று என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். என் மாமியாரைப் பார்த்து, "எனக்கு ரெண்டு மருமக. நீங்க சொன்னது அத்தனையும் நெசம்" என்றார். பிறகு மகனிடம், "பேர் போடறதுக்கு அச்சாபீசுல மை தீந்துபோச்சாடா?" என்று கேட்டார்.

காரியதரிசி குடையை விரித்தார், உள்ளேயே.

மழைக்காலம் முடிந்ததும் அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். அதன் விளம்பரத்தில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது, மாமியார் பெயர் முதலில். அதை அவர் படிக்கத் தெரியாத பார்வையோடு வெகுநேரம் பார்த்தார். எந்தெந்த எழுத்து தன் பெயர் என்று என்னைத் தொட்டுக் காட்டச் சொன்னார். குழாயடியில் அவரை இப்போது வேறு மாதிரி சுற்றிக்கொண்டார்கள். தங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லி, இதை நாடகத்தில் வையுங்கள் என்று ஒருத்தி கேட்டாளாம். ஊருக்குப் போகும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் மாமியார் திடீரென்று, "அந்தப் பையன் கடைசியில என்னா ஆனான்? நீ சொல்லவே இல்லையே" என்றார்.

நான் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றேதான் தாண்டிப் போயிருந்தேன். "ஆறு நாடகம் எழுதினதும் கிரேக்க தேசத்துக்குக் கிளம்பிப் போனாராம் அத்தை. சின்ன வயசுதான். திரும்பி வரலை. கப்பல் முழுகிடுச்சுன்னு சிலர் சொல்றாங்க. அங்கேயே நோயில போயிட்டார்னு சிலர். எழுதி வச்சிருந்ததையெல்லாம் கடல்ல பறிகொடுத்து மனசு ஒடிஞ்சு போயிட்டார்னும் சொல்றாங்க. யாருக்கும் நிச்சயமாத் தெரியாது."

மாமியார் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "மிச்சம் எத்தனை இருக்கு, நாம எழுதாதது?" என்றார்.

"அஞ்சு."

"எடு."

நான் எடுத்தது அண்ணன் தம்பி கதை. ஒருவர் பிள்ளையைக் கண்டிப்பாக வளர்க்கிறார். மற்றவர் செல்லம் கொடுத்து வளர்க்கிறார். இருவரில் யார் செய்வது சரி என்பதுதான் விஷயம். கண்டிப்புக்காரர்தான் சரி என்றார் மாமியார். இல்லை என்றேன் நான். உன் தகப்பனார் உனக்குச் செல்லம் கொடுத்ததால்தான் நீ இப்படிப் பேசுகிறாய் என்றார் அவர். உங்கள் கண்டிப்பில் வளர்ந்தவர் டோபி வேஷம் கட்டி ஆடினாரே என்றேன் நான். குரல்கள் ஏறின. இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். நான் ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையை ஆட்டி வாதாடினேன். ஆபீசிலிருந்து திரும்பிய என் கணவர் இந்தத் தடவை கதவருகில் நிற்காமல் நேராக உள்ளே வந்து, அடுப்பைப் பார்த்தார். உலை வைக்கவே இல்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கிப் போய் மூன்று பேருக்கும் மொஹிங்கா வாங்கி வந்தார். மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டே அதைத் தின்றார், வாதத்தை மட்டும் விடவில்லை.